டிஸ்க் பெட்டி சர்வர் மாறும்போது: வாசகர் கேள்வி – பதில்

ஒரு யூனிக்ஸ் சர்வரில் மாட்டியிருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்டுவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அதற்கே. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். 'மைனஸ்' என்று வரும் இடத்தில் சிறு கோடு போட்டுத் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொரிஷியஸின் எபேனில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய லினக்ஸ் சர்வரோடு 24 டிஸ்க் கொண்ட எஸ்ஏஎஸ் பெட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு இசட்எஃப்எஸ் பூல், அதாவது டிஸ்க்குகளையெல்லாம் சேர்த்து ஒரே சேமிப்பாக்கிய தொகுப்பு. புதிய சர்வர் வந்துவிட்டது, அதிலும் லினக்ஸ்தான். பெட்டியை மாற்றி மாட்டினால் எஸ்டிபி, எஸ்டிசி என்ற டிஸ்க் பெயர்களெல்லாம் தலைகீழாகிவிடுமே, பூல் கலைந்துபோகாதா ஐயா?

பதில்: கலையாது. எஸ்டிபி, எஸ்டிசி என்பதெல்லாம் சர்வர் எழுந்திருக்கும்போது கண்ணில் பட்ட வரிசையில் வைக்கிற பெயர்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் தலைப்பக்கம் இரண்டு, வால்பக்கம் இரண்டு என நான்கு லேபிள்களை இசட்எஃப்எஸ் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 256 கிலோபைட். இந்த டிஸ்க் எந்தப் பூலைச் சேர்ந்தது, அந்தக் கட்டமைப்பில் இதன் இடம் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெட்டிக்குள் டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகினால்கூட பூல் எழுந்து நிற்கும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. உங்கள் பூல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறதா? இன்றைக்கே பழைய சர்வரில் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' தட்டிப் பாருங்கள். மேலே பூலின் பெயர், அதன் கீழே ரெய்டு-இசட் குழுக்கள், ஒவ்வொன்றின் கீழும் டிஸ்க்குகள் என்று வரிசையாக வரும். அங்கேயே நிறுத்திவிடாமல் கடைசி வரி வரை இறங்குங்கள். 'லாக்ஸ்' என்று ஒரு தலைப்பும் அதன் கீழ் ஒரு என்விஎம்ஈ டிஸ்க்கின் பெயரும் இருந்தால், அது பெட்டியில் இல்லை. பழைய சர்வரின் வயிற்றுக்குள் இருக்கிறது. 'கேஷ்', 'ஸ்பெஷல்' என்ற தலைப்புகளையும் தேடுங்கள்.

மூன்றுக்கும் விளைவு வேறு வேறு. 'கேஷ்' போனால் நஷ்டமில்லை. 'லாக்' டிஸ்க் இல்லாமல் போனால் பூல் ஏற மறுக்கும். 'இம்போர்ட்' கட்டளையோடு 'மைனஸ் எம்' சேர்த்து ஏற்றிவிடலாம், ஆனால் முறையாக இறக்காத பூலாக இருந்தால் கடைசி சில விநாடிகளில் எழுதியவை போய்விடும். 'ஸ்பெஷல்' டிஸ்க் விட்டுப்போனால் எந்தக் கட்டளையும் உதவாது. கோப்புகளின் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது வராமல் பூல் எழாது. 'லாக்', 'கேஷ்' இரண்டையும் 'இசட்பூல் ரிமூவ்' போட்டு முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். 'ஸ்பெஷல்' டிஸ்க்குகளை ரெய்டு-இசட் இருக்கும் பூலிலிருந்து கழற்ற முடியாது. அவற்றைக் கையோடு புதிய சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது சாவி. 'இசட்எஃப்எஸ் கெட் கீலொக்கேஷன்' தட்டினால், மறைகுறியீடு செய்த பகுதிகளுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று காட்டும். அது ஒரு கோப்பின் பாதையாக இருந்தால், அந்தக் கோப்பு பழைய சர்வரின் பூட் டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது. அதை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பழைய சர்வரைத் துடைத்து விற்ற பிறகு சாவி நினைவுக்கு வந்தால், 24 டிஸ்க்கும் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

இனி வேலை. மாற்றுவதற்குச் சில நாள் முன்பே 'இசட்பூல் ஸ்க்ரப்' ஓட்டுங்கள், அது பூல் முழுவதையும் படித்துப் பிழை தேடும். நிறைந்த பூல் என்றால் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும், அதைக் கணக்கில் வையுங்கள். வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க் ஒருமுறை அணைத்த பின் மறுபடி சுற்ற மறுப்பது உண்டு. ஏற்கெனவே ஒன்று பழுதாகி நிற்கும் குழுவில் இன்னொன்றும் எழவில்லை என்றால், ஒரு டிஸ்க் இழப்பை மட்டுமே தாங்கும் 'ரெய்டு-இசட்1' வகையில் ஆட்டம் முடிந்தது. ஆகவே பழுதான டிஸ்க்கை மாற்றி, பூல் முழு ஆரோக்கியத்துக்கு வந்த பிறகுதான் கழற்ற வேண்டும். பேக்கப் இருக்கிறது என்பது போதாது. அதிலிருந்து நாலைந்து கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு முதலில் சாம்பா, என்எஃப்எஸ், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு 'இசட்பூல் எக்ஸ்போர்ட்', கூடவே பூலின் பெயர். 'பூல் பிசி' என்று திட்டினால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம்: அந்த டைரக்டரியில் நிற்கும் ஒரு டெர்மினல், ஐஸ்கஸி இலக்கு, பூலின் மேல் போட்ட ஸ்வாப். 'எல்எஸ்ஓஎஃப்' போட்டு ஆளைக் கண்டுபிடியுங்கள். 'மைனஸ் எஃப்' போட்டுப் பிடுங்க வேண்டாம். எக்ஸ்போர்ட் முடிந்ததும் சர்வரை அணைத்து, அதன் பிறகு பெட்டியை அணையுங்கள். எழுப்பும்போது நேர்மாறாக, முதலில் பெட்டி, டிஸ்க் விளக்குகள் எல்லாம் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம், பிறகு சர்வர்.

புதிய சர்வரில் வெறும் 'இசட்பூல் இம்போர்ட்' மட்டும் தட்டினால் அது எதையும் ஏற்றாது, கண்ணில் படும் பூல்களைப் பட்டியலிடும். 24 டிஸ்க்கும் 'ஆன்லைன்' என்று வருகிறதா என எண்ணிப் பாருங்கள். முதல் முறை படிக்க மட்டும் ஏற்றுங்கள்: 'மைனஸ் ஓ ரீட்ஒன்லி சமம் ஆன்', அதோடு 'மைனஸ் ஆர்' போட்டு ஒரு தற்காலிக டைரக்டரி. அப்படிச் செய்தால் பூலுக்குள் 'ஹோம்' என்று ஒரு மவுண்ட் இருந்தாலும் அது புதிய சர்வரின் 'ஹோம்' மேல் போய் மூடாது. கோப்புகளைத் திறந்து பார்த்துத் திருப்தியானால் எக்ஸ்போர்ட் செய்து, 'மைனஸ் டி' போட்டு 'டெவ்' அடைவில் 'டிஸ்க்', அதனுள் 'பை-ஐடி' என்ற பாதையைக் கொடுத்து முறையாக ஏற்றுங்கள். அதன்பின் ஸ்டேட்டஸில் எஸ்டிபிக்குப் பதிலாக டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணே தெரியும். நாளை ஒன்று பழுதானால் எந்தத் தட்டை இழுப்பது என்று திண்டாட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். 'கடைசியாக வேறொரு கணினி பயன்படுத்தியது, மைனஸ் எஃப் போடு' என்று புதிய சர்வர் சொன்னால், கை வைக்காமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். முறையாக எக்ஸ்போர்ட் செய்த பூலுக்கு இந்தச் செய்தி வராது. இரண்டு கன்ட்ரோலர் உள்ள பெட்டியில் ஒரு கேபிள் இன்னும் பழைய சர்வரில் மாட்டியிருந்து, அங்கே பூல் மறுபடி ஏறியிருக்கலாம். ஒரே பூலை இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் எழுதினால் மீட்கவே முடியாதபடி சிதையும். பழைய சர்வரின் கேபிளைக் கையால் பிடுங்கிய பிறகே அடுத்த அடி.

இரண்டாவது, ஏற்றிய பிறகு ஸ்டேட்டஸில் 'சில வசதிகள் இயக்கப்படவில்லை, இசட்பூல் அப்கிரேட் செய்யலாம்' என்று வரும். அது பழுது அல்ல, அவசரமும் அல்ல. அப்கிரேட் செய்துவிட்டால் பழைய சர்வருக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடக்கூடும். பழைய சர்வரை இரண்டு வாரமாவது கலைக்காமல் வைத்திருந்து, அதன் பிறகு யோசியுங்கள். அந்த இரண்டு வாரத்தில் கிரான் வேலைகள், சாம்பா அமைப்பு, 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பு என்று விட்டுப்போனவை ஒவ்வொன்றாக வெளியே வரும். அவையெல்லாம் பூலில் கிடையாது, பழைய சர்வரின் பூட் டிஸ்க்கில் இருந்தவை.

கேள்வி: போர்ட் லூயிஸிலிருந்து எழுதுகிறேன். இரண்டு ஏஐஎக்ஸ் சர்வர்கள், நடுவே ஃபைபர் சேனல் சுவிட்ச். வால்யூம் குரூப்பை, அதாவது ஒன்றாகச் சேர்த்த டிஸ்க்குகளின் தொகுப்பை, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்ற வேண்டும். 'எக்ஸ்போர்ட்விஜி' என்றால் டேட்டா அழிந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். சோதனையாக ஒரு சிறிய குரூப்பை மாற்றிப் பார்த்தபோது ஒரு ஃபைல் சிஸ்டம் மட்டும் மவுண்ட் ஆகவில்லை.

பதில்: எக்ஸ்போர்ட்விஜி டேட்டாவைத் தொடுவதே இல்லை. ஓடிஎம் என்கிற சர்வரின் சொந்தக் குறிப்பேட்டிலிருந்தும் 'ஃபைல்சிஸ்டம்ஸ்' கோப்பிலிருந்தும் அந்தக் குரூப்பின் பெயரை அடித்துவிடுகிறது, அவ்வளவே. குரூப்பின் உண்மையான வரைபடம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் விஜிடிஏ என்ற பகுதியில் இருக்கிறது.

உங்கள் சோதனையில் நடந்தது பெரும்பாலும் பெயர் மோதல். ஏஐஎக்ஸ் தானாக வைக்கும் 'எஃப்எஸ்எல்வி00', 'லாக்எல்வி00' போன்ற பெயர்கள் இரண்டு சர்வரிலும் இருக்கும். இம்போர்ட்விஜி அப்படி ஒரு மோதலைக் கண்டால் வருகிற லாஜிக்கல் வால்யூமுக்கு வேறு பெயர் சூட்டி, திரையில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடும். மவுண்ட் டைரக்டரியின் பெயரும் மோதினால், 'ஃபைல்சிஸ்டம்ஸ்' கோப்பில் புதிய பத்தி சேராது. நீங்கள் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். மருந்து, மாற்றுவதற்கு முன்பே பழைய சர்வரில் மவுண்டை இறக்கிவிட்டு 'சிஹெச்எல்வி மைனஸ் என்' போட்டு, வேறெங்கும் இல்லாத பெயர் வைப்பது. எந்தத் துறையின் டேட்டா என்று பெயரிலேயே தெரியும்படி வையுங்கள்.

வரிசை இது. 'எல்எஸ்பிவி', 'எல்எஸ்விஜி மைனஸ் எல்' இரண்டின் வெளியீட்டையும் கோப்பாகச் சேமித்து வேறு கணினியில் வையுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய பிவிஐடி எண்கள் அதில் இருக்கின்றன, பின்னால் அவைதான் அடையாளம். எல்லா மவுண்டையும் இறக்கி 'வேரிஆஃப்விஜி', பிறகு எக்ஸ்போர்ட்விஜி, பிறகு 'ஆர்எம்டெவ் மைனஸ் டிஎல்' போட்டு ஒவ்வொரு ஹெச்டிஸ்க்கையும் நீக்குங்கள். அதன்பின் சுவிட்சில் ஸோனிங்கையும் (எது எதோடு பேசலாம் என்ற அமைப்பு) ஸ்டோரேஜில் லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரியும் பகுதி) அனுமதியையும் புதிய சர்வரின் டபிள்யூடபிள்யூபிஎன் என்ற ஃபைபர் கார்டு அடையாள எண்ணுக்கு மாற்றுங்கள். இந்த எண் கார்டுக்குக் கார்டு வேறு. ஒரு எழுத்து தவறினாலும் டிஸ்க் தெரியாது, எந்தப் பிழைச் செய்தியும் வராது. பழைய சர்வரின் அனுமதியை நீக்குவதும் இந்த வேலையில் சேர்த்திதான், பலர் அதை மறப்பார்கள்.

புதிய சர்வரில் 'சிஎஃப்ஜிஎம்ஜிஆர்', பிறகு எல்எஸ்பிவி. சேமித்து வைத்த பிவிஐடி எண்கள் அப்படியே தெரிய வேண்டும். ஹெச்டிஸ்க் எண் மாறியிருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிவிஐடி இடத்தில் 'நன்' என்று வந்தால் 'சிஹெச்டெவ்' கட்டளையில் 'பிவி சமம் யெஸ்' கொடுங்கள், டிஸ்க்கில் இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளும். அதே கட்டளையில் 'பிவி சமம் கிளியர்' என்றும் ஒன்று உண்டு. அது அந்த எண்ணை அழித்துவிடும். இணையத்தில் பார்த்து அவசரத்தில் அதைத் தட்டிவிடாதீர்கள். பிறகு 'இம்போர்ட்விஜி மைனஸ் ஒய்', குரூப்பின் பெயர், ஏதாவது ஒரு ஹெச்டிஸ்க். ஒன்றைக் கொடுத்தால் போதும், மற்றவற்றை விஜிடிஏ பார்த்து அதுவே சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஹெச்பி-யூஎக்ஸில் 'விஜிஇம்போர்ட்' செய்யப் போனால் 'குரூப்' கோப்பு இல்லை என்கிறது. – வாக்குவா வாசகர்

பதில்: வால்யூம் குரூப்பின் பெயரில் 'டெவ்' கீழ் ஒரு டைரக்டரி உருவாக்கி, அதனுள் 'எம்கேநாட்' கொண்டு 'குரூப்' என்ற கோப்பை நீங்களே போட வேண்டும். வகை 'சி', மேஜர் எண் 64. மைனர் எண் இன்னொரு குரூப் ஏற்கெனவே வைத்திருப்பதாக இருக்கக் கூடாது. பழைய சர்வரில் 'விஜிஎக்ஸ்போர்ட்' செய்யும்போது 'மைனஸ் எஸ்', 'மைனஸ் எம்' இரண்டும் போட்டு மேப் கோப்பு எடுத்திருந்தால், அதே கோப்பைக் கொடுத்து இங்கே ஏற்றுங்கள். அது இல்லாவிட்டாலும் ஏறும், ஆனால் உங்கள் லாஜிக்கல் வால்யூம்களின் பெயர் 'எல்வால்1', 'எல்வால்2' என்று ஆகிவிடும். எதில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரிடும்.

கேள்வி: கியூர்பிப்பில் இருக்கிறோம். பழைய சர்வரில் ரெய்டு கார்டு, அதிலிருந்து கேபிள் வழியாக டிஸ்க் பெட்டி. புதிய சர்வரில் வேறு கம்பெனியின் ரெய்டு கார்டு. மாட்டிப் பார்த்தால் டிஸ்க்குகள் 'ஃபாரின்' என்று வருகின்றன. 'இம்போர்ட்', 'கிளியர்' என இரண்டு தேர்வு கேட்கிறது. எதை அழுத்துவது?

பதில்: எதையும் அழுத்தாமல் சர்வரை அணையுங்கள்.

ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோர்ப்பது, எங்கே நடக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று இடங்களில் ஏதோ ஒன்றில் நடக்கும். பெட்டிக்குள்ளேயே கன்ட்ரோலர் இருந்தால் எந்தச் சர்வரில் மாட்டினாலும் அதே லன்கள்தான் தெரியும், இருப்பதிலேயே சுலபம். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மென்பொருள் செய்தால், மேலே சொன்ன கதைதான். உங்களுடையது மூன்றாவது வகை. டிஸ்க்குகளைக் கோர்த்த முறை அந்தக் கார்டின் பாஷையில் எழுதப்பட்டிருக்கிறது. வேறு கம்பெனிக் கார்டுக்கு அந்தப் பாஷை பெரும்பாலும் புரியாது. 'கிளியர்' கொடுத்தால் அந்தக் குறிப்பைத் துடைத்துவிடும். அதற்குமேல் புதிதாக ரெய்டு உருவாக்கி 'இனிஷியலைஸ்' கொடுத்தால் டேட்டாவும் போகும்.

உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, பழைய கார்டையே கழற்றிப் புதிய சர்வரில் செருகுவது. அந்தக் கார்டுக்குப் புதிய சர்வரின் கர்னலில் டிரைவர் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும், பேட்டரியோடு கூடிய கேஷ் கார்டில் இருந்தால், அணைப்பதற்கு முன் 'ரைட்-த்ரூ' நிலைக்கு மாற்றி, கேஷ் காலியாகும் வரை பொறுங்கள். இரண்டாவது வழி, பெட்டியை நகர்த்தாமல் டேட்டாவை மட்டும் நகர்த்துவது. புதிய டிஸ்க் வாங்கும் செலவு உண்டு என்றாலும், எங்கள் பரிந்துரை இதுதான், ஏனென்றால் பழையது தொடப்படாமல் அப்படியே நிற்கும். 'ஆர்சிங்க்' கட்டளையில் 'மைனஸ் ஏ'வோடு பெரிய ஹெச், ஏ, எக்ஸ் மூன்றையும் சேர்த்தால் ஹார்ட் லிங்க், ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியல், கூடுதல் பண்புகள் எல்லாம் வரும்.

நேரத்தைக் கணக்குப் போட்டு நாள் குறியுங்கள். 1 கிகாபிட் லைனில் நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட். 20 டெராபைட் போக 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். வேலை நடக்கும்போதே முதல் சுற்றை ஓட்டிவிட்டு, நிறுத்தும் நாளில் மாறியவற்றை மட்டும் இரண்டாம் சுற்றில் கொண்டுவாருங்கள். நிறுத்த நேரம் வெகுவாகச் சுருங்கும்.

கார்டு வாங்குபவர்களுக்கு இன்னும் சில. 6 கிகாபிட் எஸ்ஏஎஸ் பெட்டிகளில் வெளிவாய் பெரும்பாலும் எஸ்எஃப்எஃப்-8088, 12 கிகாபிட் கார்டுகளில் எஸ்எஃப்எஃப்-8644. இரண்டும் ஒன்றில் ஒன்று நுழையாது. ஒரு முனை ஒன்றும் மறுமுனை மற்றதுமாக உள்ள கேபிள் கிடைக்கும், முன்கூட்டியே வரவழையுங்கள். எல்எஸ்ஐ 1068 சிப் உள்ள பழைய கார்டுகள் 2 டெராபைட்டுக்கு மேல் டிஸ்க்கைப் பார்க்காது. சில ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வந்த டிஸ்க்குகளில் செக்டர் 520 பைட்டாக இருக்கும், லினக்ஸ் அவற்றை ஏற்காது. 512-க்கு மாற்ற முடியும், ஆனால் அப்படி ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். காலி டிஸ்க்குக்கு மட்டுமே அது வழி.

கேள்வி: 2 கிகாபிட் ஃபைபர் பெட்டியை 16 கிகாபிட் கார்டில் நேராக மாட்டினேன். விளக்கே எரியவில்லை. கேபிள் பழுதா?

பதில்: கேபிள் நல்லதாகவே இருக்கலாம். ஃபைபர் சேனல் மாட்யூல்கள் தங்கள் வேகத்திலிருந்து பொதுவாக இரண்டு படிதான் இறங்கும். 16 கிகாபிட் மாட்யூல் 8-க்கும் 4-க்கும் இறங்கும், 2-க்கு இறங்காது. 8 கிகாபிட் மாட்யூல் 4-க்கும் 2-க்கும் இறங்கும். ஆகவே 8 கிகாபிட் கார்டு ஒன்று பிடியுங்கள். சுவிட்ச் இல்லாமல் நேராக மாட்டுகிற பழைய பெட்டிகள் 'லூப்' முறையை எதிர்பார்க்கும். கார்டின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ரீயூனியன், சேன்-தெனியிலிருந்து. லினக்ஸ் சர்வரின் லக்ஸ் பூட்டுப் போட்ட (மறைகுறியீடு செய்த) டிஸ்க்குகளைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் திறக்க மறுக்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று தூக்கமே இல்லை.

பதில்: உங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீபோர்டை. பிரெஞ்சு கீபோர்டில் தட்டுகிறீர்கள். பூட் ஆகும் கட்டத்தில் புதிய சர்வர் அதை அமெரிக்கக் கீபோர்டு என்று எடுத்துக்கொண்டால், 'ஏ' என்று அச்சிட்ட விசை 'க்யூ' ஆகிவிடும், 'இசட்' என்பது 'டபிள்யூ' ஆகிவிடும், 'எம்' இருக்கும் இடத்தில் அரைப்புள்ளி விழும். எண்களுக்கு நீங்கள் வழக்கம்போல ஷிஃப்ட் அழுத்துவீர்கள், அங்கே எண்ணுக்குப் பதில் ஆச்சரியக்குறியும் பிறவும் விழும். கடவுச்சொல் திரையில் தெரியாததால் உங்களுக்கு எதுவும் புலப்படாது. ஒரு அமெரிக்கக் கீபோர்டை மாட்டித் தட்டிப் பாருங்கள், அல்லது சர்வர் முழுவதும் எழுந்த பிறகு எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் 'கிரிப்ட்செட்அப் ஓப்பன்' கொடுங்கள். பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

இனி மாற்றப் போகிறவர்கள், பழைய சர்வரிலேயே 'லக்ஸ்ஆட்கீ' கொடுத்து, இரண்டு கீபோர்டிலும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்துகளால் ஆன இரண்டாவது கடவுச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள். 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' கட்டளையால் ஹெடரையும் பிரதி எடுங்கள். லக்ஸ் 2-இல் அது வழக்கமாக 16 மெகாபைட்தான். டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு பகுதி சேதமானால் கடவுச்சொல் தெரிந்தும் டிஸ்க்கைத் திறக்க முடியாது.

கேள்வி: போர்ட் லூயிஸில் கீழ்த்தளத்தில் இருக்கும் சர்வர் அறையை எபேனுக்கு மாற்றுகிறோம். தைப்பூசக் காவடி அரசு விடுமுறை, அன்றைக்குச் செய்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்கிறார் மேலாளர். பெட்டியை வேனில் எப்படி எடுத்துப் போவது?

பதில்: அந்த நாள் வேண்டாம். காவடி எடுப்பவர்களும், பத்து நாள் விரதம் இருந்து அவர்களோடு கோர் த கார்ட் மலைக்கோயிலுக்கு நடக்கும் குடும்பத்தாரும் உங்கள் ஆபீசிலேயே இருப்பார்கள். வேலையில் ஏதாவது சிக்கினால் கூப்பிட ஆள் இருக்காது. அதைவிட முக்கியம், தை மாதம் புயல் காலத்தின் நடுவே வருகிறது. நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை எந்த வாரமும் எச்சரிக்கை வரலாம். மூன்றாம் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் பஸ்ஸும் நிற்கும், ஆபீசும் மூடும். பெட்டி பாதி கழற்றிய நிலையில் போர்ட் லூயிஸிலேயே மாட்டிக்கொள்ளும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை அடித்துக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்த்தளத்து அறை என்கிறீர்கள், ஆகவே புயல் காலம் தொடங்கும் முன்பே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். விநாயகர் சதுர்த்தி விடுமுறை ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வரும், காய்ந்த காலம். அதை யோசிக்கலாம்.

இனி பெட்டி. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 700 கிராம். 24 டிஸ்க் மட்டுமே 17 கிலோ, இரும்புக்கூடு தனி. நிறைந்த பெட்டியை ரேக்கிலிருந்து ஒருவர் இறக்கக் கூடாது. தட்டுகளைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோவதே நல்லது. அணைத்தபின் ஒரு நிமிடம் பொறுத்து, டிஸ்க் சுழல்வது முழுதாக நின்ற பிறகு இழுங்கள். ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி இடத்தின் எண்ணை எழுதுங்கள். பெரும்பாலான பெட்டிகள் 0-இலிருந்து எண்ணும். நீங்கள் 1-இலிருந்து எழுதிவிட்டால் அங்கே குழப்பம், ஆகவே பெட்டியின் முகப்பில் அச்சிட்ட எண்ணையே எழுதுங்கள். நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, ஸ்பாஞ்சு பதித்த பெட்டியில் நிறுத்தி அடுக்குங்கள்.

வியர்வை பற்றிச் சொல்லியாக வேண்டும். 20 டிகிரியில் குளிர்ந்திருந்த இரும்பைக் கோடைகாலப் போர்ட் லூயிஸ் காற்றில் கொண்டுவந்து வைத்தால், குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பு வியர்ப்பதைப் போல வியர்க்கும். அந்த ஈரம் டிஸ்க்கின் சர்க்யூட் தகட்டிலும் கனெக்டர் ஊசிகளிலும் படியும். வெளியே கொண்டுவந்த பிறகு பையில் போட்டுப் பயனில்லை. குளிர்ந்த அறைக்குள்ளேயே சிலிக்கா பொட்டலத்தோடு பையில் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். எபேனில் புதிய அறைக்குள் வைத்து, பையைத் திறக்காமல் ஓர் இரவு விடுங்கள். அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்து மாட்டுங்கள்.

மின்சாரமும் ஒரு விஷயம். பெட்டியில் இரண்டு பவர் சப்ளை இருப்பது இரண்டு வெவ்வேறு வழிகளுக்காக. இரண்டு வயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அதைச் சுவரில் ஒரு மூன்று முள் பிளக்கில் மாட்டியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். அந்தப் பிளக்குக்குள் இருக்கும் ஒரே ஒரு 13 ஆம்பியர் ஃபியூஸ் போனால் இரண்டு சப்ளையும் ஒன்றாகச் சாகும். ஒன்று ஒரு யூபிஎஸ்ஸுக்கு, மற்றது இன்னொரு யூபிஎஸ்ஸுக்கு, அல்லது நேராக மெயினுக்கு. டிஸ்க் சுழலத் தொடங்கும் விநாடிகளில் ஒவ்வொன்றும் 25 வாட் வரை இழுக்கும். 24-உம் ஒரே சமயத்தில் எழுந்தால் 600 வாட். பெட்டியில் டிஸ்க்குகளைத் தொகுதி தொகுதியாக எழுப்பும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

கேள்வி: மாற்றியாகிவிட்டது, கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் 'எல்எஸ்' போட்டால் உரிமையாளர் பெயருக்குப் பதிலாக 1004, 1011 என்று எண்கள். சிலவற்றில் சம்பந்தமில்லாத ஆளின் பெயர்.

பதில்: டிஸ்க்கில் எழுதியிருப்பது எப்போதுமே எண்தான். பெயரைச் சொல்வது சர்வரின் 'பாஸ்வேர்ட்' கோப்பு. புதிய சர்வரில் 1004 என்ற எண்ணுக்கு ஆளே இல்லை, 1002 வேறொருவருக்குப் போயிருக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து: கணக்குப் பிரிவின் கோப்பு கிடங்கு ஆளின் பெயரில் திறந்து கிடக்கும். அதைச் சரிசெய்யும் வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். ஆள் இல்லாத கோப்புகளை 'ஃபைண்ட்' கட்டளையில் 'மைனஸ் நோயூசர்' போட்டுப் பட்டியலிடலாம். வேறொருவர் பெயரில் விழுந்தவை அதில் வராது. அவற்றுக்குப் பழைய சர்வரின் பாஸ்வேர்ட், குரூப் கோப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

டிஸ்க் முழுவதும் 'சிஹெச்ஓன் மைனஸ் ஆர்' ஓட்டாதீர்கள். நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் செட்-யூஐடி அடையாளங்கள் கழன்றுவிடும், ஏசிஎல்-இல் இருக்கும் எண்கள் மாறவே மாறாது. புதிய சர்வரில் ஆட்களின் எண்ணைப் பழையபடி மாற்றுவதே சுத்தமான வழி.

கேள்வி: ஸ்பார்க் சோலாரிஸ் பெட்டியில் இருக்கும் டிஸ்க்குகளை எக்ஸ்86 சர்வரில் மாட்ட முடியுமா?

பதில்: சோலாரிஸின் பழைய கோப்பு முறையான யூஎஃப்எஸ் என்றால் எக்ஸ்86 சோலாரிஸில் முடியாது. இரண்டு செயலிகளும் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் எழுதுகின்றன, டிஸ்க் லேபிளும் வேறு. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே 'டார்' கட்டி நெட்வொர்க் வழியாக எடுத்துவிடுங்கள். அது செத்துவிட்டால், யூஎஃப்எஸ் மாட்யூல் உள்ள லினக்ஸ் ஒன்றில் 'யூஎஃப்எஸ்டைப் சமம் சன்' என்று சொல்லிப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து பார்க்கலாம்.

இசட்எஃப்எஸ் இரண்டு வரிசையையும் படிக்கும். பூல் உருவாக்கியபோது முழு டிஸ்க்கையும் கொடுத்திருந்தால் இஎஃப்ஐ லேபிள் இருக்கும், மாட்டினால் ஏறும். ஸ்லைஸ், அதாவது டிஸ்க்கின் ஒரு பகுதியை மட்டும், கொடுத்திருந்தால் எக்ஸ்86 சோலாரிஸ் லேபிளையே படிக்காது. லினக்ஸுக்கோ ஃப்ரீபிஎஸ்டிக்கோ கொண்டுபோவதானால் 'இசட்பூல் கெட் வெர்ஷன்' தட்டிப் பாருங்கள். 28 வரை ஏறும். சோலாரிஸ் 11-இன் 29-உம் அதற்கு மேலும் என்றால் ஏறாது, கோப்புகளை நகலெடுத்துத்தான் ஆக வேண்டும்.